மொச்சையன் ஆட்டத்துக்கு ஒரு மதிப்பீடு

ஒரு நாட்டின் நகைச்சுவை தாழ்ந்தால் அந்த நாடே தாழ்ந்துவிடும். கோட்டைகளை வீழ்த்தியது பீரங்கி அல்ல, தரங்கெட்ட சிரிப்பு. இந்தப் பேருண்மையைச் செஞ்சிக் கடைவீதிப் பாத்திரக்கடை அரங்கநாதன் செட்டியார் மாசி மாதந்தோறும் மேடையேறி முழங்குவார். முழங்கி முடித்ததும், ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே வீட்டுக்குப் போய் நாலு தோசை சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார்.

ஆட்டம் என்றால் தோல்பாவை ஆட்டம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருக்கும் காலி மனையில் பாவையாட்டி ராஜாங்கத்தின் ஆட்கள் கூடாரம் அடித்து, வெள்ளைத் துணியைத் திரையாகக் கட்டி, பின்னால் விளக்கை வைத்து, சாயம் பூசிய ஆட்டுத்தோல் உருவங்களைத் துணியோடு ஒட்டிப் பிடித்து ஆட்டுவார்கள். வந்த புதிதில் அவர்கள் காட்டியது புராணக் கதை. ராஜா அழுகிற கட்டத்தில் ஜனங்கள் கொட்டாவி விட்டதால், நடுவில் மொச்சையன் என்றொரு குள்ளனை நுழைத்தார்கள். கொஞ்ச நாளிலேயே ஜனங்கள் ராஜாவைப் போகச் சொல்லிவிட்டு மொச்சையனைக் கூப்பிட்டார்கள். அன்றிலிருந்து ராஜாக்களெல்லாம் பெட்டிக்குள் படுத்திருக்கிறார்கள். மொச்சையனும் அவன் பெண்டாட்டி பொம்மக்காவும் மகன் புளிமூட்டையும்தான் பத்து நாளும் திரையில்.

பதினாலு வருஷமாக இப்படி நடக்கிறது. பதினாலு வருஷமாகப் புளிமூட்டைக்கு வயசு ஐந்து. முதலில் அவனைப் பார்த்துச் சிரித்த பிள்ளைகள் இப்போது மீசையோடு வந்து சிரிக்கிறார்கள். மொச்சையன் மட்டும் வருஷத்துக்கு ஒன்றில் புதிதாக மாட்டிக்கொள்வான். ஒரு வருஷம் திண்டிவனம் பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் ஏறினான். ஒரு வருஷம் வீட்டுக்குக் கரண்ட் இழுத்துவிட்டு, விளக்கை ஊதி அணைக்கப் பார்த்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறாகிய இந்த வருஷம் ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்றான். முதல் நாள் நின்றவன் பத்தாம் நாள்தான் அரிசி வாங்குவான் என்று ஊரில் பேச்சு.

இந்த ஆட்டத்தில் செட்டியாரின் பங்கு இரண்டு. முதல் நாள் தலைமையுரை, கடைசி நாள் மதிப்பீட்டுரை. இரண்டுமே ஆட்டத்துக்கு முன்னால், வெளிச்சம் இருக்கும்போதே நடந்துவிடும். பேசி முடித்துத் துண்டை உதறித் தோளில் போட்டால் அவர் வேலை முடிந்தது. "தலைமை தாங்க வந்தவன் உக்காந்து ஆட்டம் பாக்கறதா? மாப்பிள்ளை பந்தியில சாம்பார் வாளி தூக்கற மாதிரி இருக்கும்" என்பது அவர் கட்சி.

அப்படியானால் எதை வைத்து மதிப்பிடுவார்? கடையில் எடை போடும் ராமகிருஷ்ணன் ஒரு நாள் விடாமல் ஆட்டம் பார்ப்பவன். காலையில் தராசைத் துடைத்துக்கொண்டே முந்தின நாள் கதையை ஒப்பிப்பான். செட்டியார் அதை வாங்கி, ஒடுக்கெடுத்து, புளி போட்டு விளக்கி, கடைசி நாள் மேடையில் பளபளவென்று வைப்பார். எப்படி விளக்கினாலும் முடிவில் ஒரே வாசகம்தான் நிற்கும்: "சென்ற ஆண்டைவிட இந்த ஆண்டு ஆழம் குறைந்துவிட்டது." வருஷாவருஷம் இப்படிக் குறைந்துகொண்டே வந்தபடியால், ஒரு காலத்தில் சமுத்திரமாக இருந்த மொச்சையன் ஆட்டம் இப்போது கால் நனையாமல் தாண்டுகிற வாய்க்காலாக ஆகியிருக்க வேண்டும். ஜனங்கள் அதற்கும் கை தட்டினார்கள். கை தட்டினால்தான் பேச்சு முடியும்.

இந்த வருஷம் விஷயம் பெரிது. செட்டியாரின் தொண்டைப் பாராட்டிக் கடைவீதி வியாபாரிகள் அவருக்கு 'நகைச்சுவைத் துலாக்கோல்' என்று பட்டம் கொடுப்பதென்றும், கடைசி நாள் தாசில்தார் கையால் பொன்னாடை போர்த்துவதென்றும் ஏற்பாடு. யோசனை யாருடையது என்று வியாபாரிகளைக் கேட்டால் செட்டியாரைக் கை காட்டுவார்கள். கடைப் பலகையைப் புதிதாக எழுத வந்த பெயிண்டரிடம், தன் பெயருக்கு முன்னால் ஒரு முழம் இடம் விட்டு எழுதும்படி அவர் சொல்லியாகிவிட்டது. அந்த ஒரு முழம் நிரம்ப வேண்டும். அவருக்கு அந்த மாசத்தில் வேறு கவலை கிடையாது.

முதல் நாள் தலைமையுரை வழக்கம் போல நாட்டைத் தாழ்த்தி முடிந்தது. செட்டியார் துண்டை உதறினார். பக்கத்து நாற்காலியில் இருந்த தாசில்தார் எழுந்திருக்கவில்லை. அவர் புதிதாக மாற்றலாகி வந்தவர். ஊர் வழக்கம் தெரியாது. போதாக்குறைக்குப் பெண்டாட்டியையும் கூட்டி வந்திருந்தார்.

"பாத்துட்டுப் போகலாமே" என்றார் தாசில்தார். "இவ்வளவு பேசினீங்களே, ஆசையா இருக்கு."

பட்டம் கொடுக்கப்போகிற மனுஷன் உட்கார்ந்திருக்கும்போது பட்டம் வாங்கப்போகிற மனுஷன் எழுந்து போக முடியுமா? செட்டியார் துண்டை மறுபடி மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். விளக்கு ஏற்றினார்கள். மத்தளம் தட்டினார்கள். மொச்சையன் காலிப் பையோடு தத்தித் தத்தி வந்து வரிசையில் நின்றான். கூடாரம் சிரித்தது. செட்டியாருக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கே சிரிக்க வேண்டும் என்று ராமகிருஷ்ணன் இன்னும் சொல்லவில்லையே.

அப்புறம்தான் அது வந்தது.

முதலில் ஒரு தொப்பை வந்தது. வெகு நேரம் தொப்பையே வந்துகொண்டிருந்தது. பிறகு முழங்கால் வரை தொங்கும் மாலை. மாலைக்கு மேலே மடித்துப் போட்ட துண்டு. எல்லாவற்றுக்கும் மேலே, மிச்சமிருந்த இடத்தில் ஒரு சின்னத் தலை. "மாலைமார்பர் வந்தாரு! மாலைமார்பர் வந்தாரு!" என்று பிள்ளைகள் குதித்தார்கள்.

உருவம் மூன்று முறை செருமியது.

"பேரன்பு மிக்க பெரியோர்களே! சிரிப்பு என்பது யாது?"

"சிந்தனையின் சீதனம்!" என்று கூடாரமே பதில் சொன்னது.

"ஐயா, அரிசி எப்பப் போடுவீங்க?" என்றான் மொச்சையன்.

"ஆழம் குறைந்துவிட்டது!"

"எதுங்க, அரிசி மூட்டையா?"

"சென்ற ஆண்டைவிட ஆழம் குறைந்துவிட்டது!"

"போன வருசமும் இதைத்தானே சொன்னீங்க? அப்ப மூட்டையில ஓட்டைங்க!"

"நேரமின்மை காரணமாக விடைபெறுகிறேன்" என்று சொல்லிவிட்டு, மாலைமார்பர் தொப்பையைத் திருப்பினார். தொப்பை முழுதும் திரையை விட்டுப் போவதற்குள் மத்தளக்காரன் முடிவுத் தாளமாகிய தீர்மானத்தை இரண்டு தடவை வைத்துவிட்டான்.

தாசில்தார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் பெண்டாட்டி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். "பிரமாதம் செட்டியார்வாள்! இது யாரோ ஒருத்தரைப் பார்த்துத்தான் செஞ்சிருக்கணும். யார்னு தெரியுமா உங்களுக்கு?"

செட்டியார் மூன்று முறை செருமினார். "தெரியலீங்க" என்றார்.

வீட்டுக்கு வந்தவர் தோசையைத் தொடவில்லை. ஆதிலட்சுமி அம்மாளுக்கு அதுவே பெரிய அதிர்ச்சி.

"இன்னாங்க, உடம்பு சரியில்லியா?"

"அந்த ராஜாங்கம் பய இன்னா பண்ணி வச்சிருக்கான் தெரியுமா? புதுசா ஒரு உருவம் வெட்டி வுட்டிருக்கான். மாலைய மாட்டி, தொப்பைய வச்சி… நீ அதைப் பாத்திருக்கியா?"

ஆதிலட்சுமி அம்மாள் சட்னிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். "அது பாட்டுக்கு வருது, போவுது. உங்களுக்கு இன்னாத்துக்கு இந்த ரோதனை?"

"அது யாரு மாதிரி இருக்குதுன்னு சொல்லு பாப்போம்."

அவள் புருஷனைத் தலையிலிருந்து கால் வரை ஒரு தடவை பார்த்தாள். நடுவில் கொஞ்சம் நிதானித்தாள். "ஒருத்தரு மாதிரியும் இல்ல. அதோட வேட்டி உங்க வேட்டிய விட வெளுப்பா இருக்குது."

மறுநாள் காலை கடையில் ராமகிருஷ்ணன் பிடிபட்டான்.

"ஏண்டா, நேத்து ஆட்டத்துல ஒரு தடியன் வந்தானே, அதைப் பத்தி இன்னா நெனைக்கிற?"

ராமகிருஷ்ணன் சுத்தமாக இருந்த தராசுத் தட்டை மறுபடி துடைத்தான். "யாருங்க மொதலாளி? பொம்மக்கா அண்ணனா?"

"மாலை போட்டவன்டா!"

"ஓ, அவரா? அவரு… கதைக்கு அவ்ளோ முக்கியம் இல்லீங்க. அதான் நான் ஒவ்வொரு தபாவும் அவரை விட்டுட்டு மிச்சத்தை…"

"முக்கியம் இல்லாதவனுக்கு எதுக்குடா அவ்ளோ கைதட்டல்?" என்று செட்டியார் ஒரு குண்டானைத் தூக்கி வைத்த வேகத்தில், எதிர்க்கடையில் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். ராமகிருஷ்ணன் சொல்லவந்த மிச்சத்தை விழுங்கிவிட்டான்.

பத்து மணி வெயிலில் செட்டியார் கூடாரத்துக்கே நடந்து போனார். ராஜாங்கம் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, மொச்சையனின் ஒடிந்த முழங்கையைத் தைத்துக்கொண்டிருந்தார். செட்டியாரைக் கண்டதும் எழுந்து கும்பிட்டார். கும்பிட்ட கையில் மொச்சையனும் இருந்ததால் அவனும் கும்பிட்டான்.

"ராஜாங்கம், அந்த மாலை போட்ட உருவத்தை எடுத்துடு."

"ஏங்க செட்டியாரய்யா?"

"ஒரு பெரிய மனுசனை அது கேவலப்படுத்துது."

"ஐயய்யோ! எந்தப் பெரிய மனுசருங்க? சொல்லுங்க, இப்பவே போயி அவரு கால்ல வுழுந்து எடுத்துடறேன்."

செட்டியார் வாயைத் திறந்தார். 'நான்தான்' என்று சொன்னால் தொப்பையும் தன்னுடையது, செருமலும் தன்னுடையது, ஓட்டை மூட்டையும் தன்னுடையது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகிவிடும். மூடிக்கொண்டார்.

"பொதுவா சொல்றேன்."

"பொதுவான்னா கஷ்டங்க. போன மாசம் அனந்தபுரத்துல போட்டோம். அங்க ஒரு ரைஸ்மில்காரரு 'அது நான்தானே'ன்னு கம்பு எடுத்துனு வந்துட்டாரு. பனமலையில ஒருத்தரு, 'நான் இவ்ளோ செலவு பண்றேன், என்னை ஏன்யா ஒரு உருவமா செய்யலே'ன்னு கோவிச்சுக்கினாரு. யாருக்குன்னு பாக்கறது?"

"அங்க இன்னா வேணா காட்டு. செஞ்சிக்கு எதுக்கு இந்த வருசம் புதுசா இதைக் கொண்டாந்த? முன்னெல்லாம் இந்த ஆட்டத்துல ஒரு கௌரவம் இருந்திச்சு. மொச்சையன் குப்புற வுழுந்தான்னா அதுல ஒரு தத்துவம் இருந்திச்சு. நான் பாத்து வளந்த ஆட்டம்யா இது!"

ராஜாங்கம் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். செட்டியாரை ஒரு தரம் உற்றுப் பார்த்தார். திறந்த வாயில் வெற்றிலையைப் போட்டுக்கொண்டார்.

"நீங்க மதிப்பீடு பண்றவரு," என்றார் மென்றுகொண்டே, மிகவும் பணிவாக. "கடைசி நாள் மேடையில நீங்களே சொல்லிடுங்க. ஜனங்க வேணாம்னா எடுத்துடறேன்."

இதைவிட நியாயமான பேச்சு உண்டா? செட்டியார் நிமிர்ந்து நடந்தார். அடுத்த எட்டு நாளும் ஆட்டத்தின் பக்கம் அவர் தலைவைத்துப் படுக்கவில்லை. கல்லாவில் உட்கார்ந்தபடியே உதடு அசைய உரை தயாரித்தார். குடம் வாங்க வந்தவர்கள் மேல் சொற்கள் தெறித்தன. "விஷக்கிருமி!" என்றார் ஒருத்தியிடம்; அவள் செப்புக் குடத்தைக் கீழே வைத்துவிட்டு எவர்சில்வருக்குப் போய்விட்டாள்.

கடைசி நாள் கூடாரம் கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு வந்தவர்களும் ஊருக்குத் திரும்பாமல் தங்கிவிட்டார்கள். மொச்சையனுக்கு அரிசி கிடைக்குமா என்பது அவ்வளவு பெரிய கேள்வி. பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்ட மேடையில், தாசில்தாரின் மடியில் பொன்னாடை பளபளத்தது. செட்டியார் செருப்பைக் கழற்றிவிட்டு ஒலிபெருக்கி முன்னால் நின்று, மூன்று முறை செருமினார். முன்வரிசைப் பிள்ளைகளும் செருமினார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை.

"பேரன்பு மிக்க பெரியோர்களே! பதினான்கு ஆண்டுகளாக இக்கலையை என் கண்ணின் மணிபோலக் கண்காணித்து வருகிறேன். ஓர் ஆட்டத்தையும் நான் சும்மா விட்டதில்லை. அந்த உரிமையில் கேட்கிறேன்: எங்கே போனது அந்தப் பழைய மொச்சையன்? டிக்கெட் இல்லாமல் பஸ் ஏறிய மொச்சையனிடம் ஓர் ஏழையின் கண்ணீர் இருந்தது. விளக்கை ஊதிய மொச்சையனிடம் ஒரு விஞ்ஞானக் கேள்வி இருந்தது. இந்த ஆண்டு மொச்சையனிடம் என்ன இருக்கிறது? ஒரு பை இருக்கிறது!"

கை தட்டினார்கள். தாசில்தாரும் தட்டினார். ஒரு முழப் பலகை செட்டியாரின் கண்ணுக்கு முன்னால் நிரம்பிக்கொண்டு வந்தது.

"ஏன் இந்த வீழ்ச்சி? சொல்கிறேன். பதின்மூன்று ஆண்டுகள் தூய்மையாக ஓடிய ஆற்றில் இந்த ஆண்டு ஒரு சாக்கடையைத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். மாலைமார்பராம்! பழைய ஆட்டங்களில் இப்படி ஓர் அருவருப்பு உண்டா? இருந்திருந்தால் நான் சும்மா விட்டிருப்பேனா? நேற்று முளைத்த இந்த உருவத்தை, புதிதாகப் புகுத்தப்பட்ட இந்த விஷக்கிருமியை…"

கை தட்டல் வர வேண்டிய இடம். வரவில்லை. ஜனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வாசலில் வேர்க்கடலைக் கூடையோடு உட்கார்ந்திருந்த நாகம்மாள் எழுந்து நின்றாள்.

"இன்னா செட்டியாரே, புதுசுன்றீங்க? எம் மவ மங்கை கண்ணாலத்துக்கு முந்தியிலேர்ந்து ஆடுதே அது! இப்ப அவ புள்ளயே இஸ்கூலுக்குப் போவுது!"

"ரெண்டாம் வருசமே வந்துடுச்சுங்க!" என்றது மீசை வைத்த ஒரு குரல்.

"பஸ்ல மொச்சையனுக்குப் பக்கத்து சீட்டுல அவருதானே குந்தினு வந்தாரு? திண்டிவனம் வர வரைக்கும் பேசிக்கினே வந்தாரே!"

"கரண்ட் இழுத்தப்ப சுவிச்சைப் போடறதுக்கு முந்தி ஒன்ற மணி நேரம் பேசினது யாரு? அவருதான்!"

"இன்னாபா, செட்டியாரு ஒரு தபா கூடப் பாத்ததில்லியா?" என்று நாகம்மாள் யாரிடமோ கேட்டாள். சிரிப்பதற்காகக் கேட்கவில்லை; நிஜமாகவே வருத்தப்பட்டுக் கேட்டாள். அதுதான் செட்டியாருக்குத் தாங்கவில்லை.

"அமைதி! அமைதி!" என்றார். "இது ரசனை அற்ற கூட்டத்தின் சூழ்ச்சி! ராமகிருஷ்ணா! எங்கடா இருக்க? நீ சொல்லுடா, அது பழசா?"

ராமகிருஷ்ணன் கூட்டத்தின் நடுவில் பாதி எழுந்தான். "நான் சொல்லத்தாங்க வந்தேன் மொதலாளி. நீங்க குண்டானைத் தூக்கினீங்க."

தாசில்தார் செட்டியாரின் பக்கம் சாய்ந்தார். அவர் மெதுவாகத்தான் கேட்டார். தனியாகக் கேட்கிறோம் என்றுதான் நினைத்தார். ஒலிபெருக்கி வாய் இருவருக்கும் நடுவில் இருந்தது அவருக்குத் தெரியாது.

"அப்போ இத்தனை வருஷம் நீங்க எதைத்தான் மதிப்பீடு செஞ்சீங்க?"

கேள்வி கூடாரம் முழுக்க ஒலித்து, பஸ் ஸ்டாண்டு வரை போயிற்று. திண்டிவனம் பஸ் டிரைவர் வண்டியை அணைத்துவிட்டுக் காது கொடுத்ததாகச் சொல்கிறார்கள்.

செட்டியாருக்குக் கோபத்தில் காது இரண்டும் செம்புத் தவலை மாதிரி சிவந்தன. ஜனங்கள் மேல் கோபம், ராஜாங்கம் மேல் கோபம், எடை போடுகிறவன் மேல் கோபம். ஒரு தடவை கூடச் சொல்லாமல் வருஷாவருஷம் தோசை சுட்டுப் போட்டாளே, அவள் மேல் எல்லாவற்றையும்விடக் கோபம். பத்து நாக்கு இருந்தாலும் திட்டித் தீராது. ஆனால் அவருக்கு மேடையில் தெரிந்தது ஒரே வழிதான். மூன்று முறை செருமினார்.

"நேரமின்மை காரணமாக…"

"விடைபெறுகிறேன்!" என்று கூடாரம் ஒரே குரலில் முடித்து வைத்தது.

திரைக்குப் பின்னாலிருந்த மத்தளக்காரனுக்கு முன்னால் நடப்பது எதுவும் தெரியாது. அந்த வாசகம் காதில் விழுந்ததும் பழக்க தோஷத்தில் தீர்மானம் வைத்தான். அந்தத் தாளத்துக்கு ஏற்றபடியே செட்டியார் பெஞ்சிலிருந்து இறங்க வேண்டியதாகிவிட்டது. ஜனங்கள் எழுந்து வழிவிட்டார்கள். பொன்னாடையைத் தாசில்தார் என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார், கடைசியில் பெண்டாட்டியிடம் கொடுத்துவிட்டார். அவள் அதைச் சால்வையாகப் போர்த்திக்கொண்டு ஆட்டம் பார்க்க வசதியாக உட்கார்ந்தாள்.

"நல்லாத்தான் பண்றாரு" என்றான் வாசலருகே ஒருவன்.

"இன்னா நல்லா பண்றாரு? திரையில வர்றவரு இதைவிடக் கணீர்னு செருமுவாரு. இவருகிட்ட ஆழம் கம்மி."

செட்டியார் எதுவும் காதில் விழாதவர்போல் மார்பை நிமிர்த்தி, கூடாரத்து வாசலைத் தாண்டினார். சந்தை கலைந்த தெருவில் நாலு எட்டு வைத்தார். கல் குத்தியது. செருப்பு மேடையிலேயே, தாசில்தாரின் நாற்காலிக்கு அடியில் கிடந்தது. அதை எடுக்க அவர் அதே கூட்டத்துக்கு நடுவே திரும்பி வந்து, எல்லோரும் பார்க்க, குனிந்தார்.